மூக்குப்பேணி கீறினா மூக்குப்பேணி மட்டுமோ? வீட்டுச் சாமான் படங்களில அர்த்தம் தேடுறது எப்பிடி

மூக்கு வைச்ச தண்ணிப் பேணிதான் மூக்குப்பேணி, அதில ஒண்டைக் கீறிக் காட்டினா எங்கட யாழ்ப்பாணத்துச் சனம் சொல்லுற வசனம் ஒண்டே ஒண்டுதான், "ஆ, எங்கட பாரம்பரியம்." சுளகு கீறினாலும் அதுதான், அம்மி கீறினாலும் அதுதான், அரிக்கன் லாம்பு கீறினா அதோட ஒரு பெருமூச்சும் சேரும். எல்லாப் படத்துக்கும் ஒரே பதில் எண்டா ஒருத்தரும் படத்தைப் பாக்கேல்ல எண்டுதானே கணக்கு. மற்றப் பக்கம் இன்னொரு கூட்டம் இருக்கு, அவைக்கு மெழுகுதிரி எண்டா வாழ்க்கை, கண்ணாடி எண்டா ஆணவம், திறப்பு எண்டா ரகசியம், எல்லாம் மனப்பாடம். ரெண்டும் சரிவராது. நான் படம் பாக்கிற விதத்தை இதில எழுதுறன், சித்திரப் பாடம் படிக்கிற பிள்ளையளுக்கும், கண்காட்சிக்குப் போய் என்ன சொல்லுறது எண்டு தெரியாம முழுசிக்கொண்டு நிக்கிற ஆக்களுக்கும் உதவும் எண்டு நினைக்கிறன்.

விசயம் இதுதான். அந்தச் சாமான் வீட்டில வழமையா என்ன வேலை செய்யும் எண்டு முதல்ல பாக்க வேணும், பிறகு படத்தில அது அந்த வழமையை விட்டு எங்க விலகி நிக்குது எண்டு தேட வேணும். விலகின இடத்திலதான் அர்த்தம் கிடக்கும். விலகலே இல்லாத படமும் இருக்கு, வடிவாக் கீறின சட்டி ஒண்டு, அவ்வளவுதான், அதைச் சட்டி எண்டே விட்டிடலாம், ஒரு குற்றமும் இல்ல.

முதல் வேலை, அர்த்தத்தைப் பற்றி யோசிக்காம கண்ணில படுறதை மட்டும் ஒரு கொப்பியில எழுதுறது. "சோகமான கதிரை" எண்டு எழுதக்கூடாது. "கதிரை, ஒரு கால் கட்டை, கீழ மட்டையை மடிச்சு முண்டு குடுத்திருக்கு" எண்டு எழுத வேணும். கேக்க பாலர் வகுப்பு வேலை மாதிரித்தான் இருக்கும், ஆனா இதைச் செய்யாம விட்ட ஆக்கள்தான் பேந்து படத்தில இல்லாததை எல்லாம் அவிழ்த்து விடுவினம்.

ஒரு பென்சில் படத்தை வைச்சே பாப்பம், நான் கற்பனையாச் சொல்லுறன், நீங்கள் மனசில கீறிக்கொள்ளுங்கோ. குசினி மூலை. நிலத்தில ஒரு திருவலை. இருக்கிற பலகை ஒரு பக்கம் மட்டும் தேஞ்சு மினுங்குது. திருவலைப் பல்லு எங்களைப் பாத்தபடி நிக்குது. பல்லுக்குக் கீழ ஒரு தட்டு, தட்டு வெறுமை. பக்கத்தில அரைவாசி திருவின தேங்காய்ப் பாதி ஒண்டு கவிண்டு கிடக்கு. பின்னால சுவரில அடுப்புக் கரி. ஆள் ஒருத்தரும் இல்ல.

இப்ப ஒவ்வொண்டா எடுங்கோ. திருவலையில இருக்கிற ஆளுக்குப் பல்லு முன்னால, அங்கால பாத்து நிக்கும். அது எங்களைப் பாத்து நிக்குது எண்டா நாங்கள் நிக்கிறது அந்த ஆளுக்கு நேர எதிர. அதுவும் படத்தில பலகையின்ர மேல் பக்கம் கொஞ்சம்தான் தெரியுது, அப்ப பாக்கிற கண் நிலத்துக்குக் கிட்ட இருக்கு. அம்மா தேங்காய் திருவேக்க முன்னால குந்தியிருந்து பூவை அள்ளி வாய்க்குள்ள போடுற பிள்ளையின்ர இடம் அது! கீறின ஆள் எங்களைக் கொண்டுபோய் அந்த இடத்தில இருத்தியிருக்கிறார். பலகை தேஞ்சிருக்கிற விதத்தைப் பாத்தா ஒரே ஆள்தான் கனகாலமா அதில ஒரு பக்கம் சாஞ்சு இருந்திருக்கிறா. பிட்டுக்கோ சம்பலுக்கோ திருவத் தொடங்கினா பாதியில ஒருத்தரும் எழும்பிறேல்ல, எழும்பினாலும் உடன வந்திடுவினம், ஆனா இங்க பாதியில நிக்குது. தட்டில பூவையும் காணேல்ல, அப்ப திருவின பூ எங்க போச்சு? ஒண்டு கீறின ஆள் மறந்திட்டார், இல்லாட்டி அதுதான் படத்தின்ர முடிச்சு. தாய் எழும்பிப் போட்டா, பிள்ளை முன்னால இருந்து கிடந்ததை எல்லாம் திண்டு முடிச்சிட்டுது, தாயை இன்னும் காணேல்ல. இவ்வளவும் ஒரு திருவலையில இருந்து வந்தது. "பாரம்பரியம்" எண்டு சொல்லிப்போட்டு நடந்திருந்தா ஒண்டும் வந்திராது.

அடுத்தது, அந்தச் சாமானோட ஒருக்கா உண்மையா வேலை செய்து பாருங்கோ, இல்லாட்டி வேலை செய்த ஆளிட்டக் கேளுங்கோ. என்ன வேலைக்கு, ஆற்ற கை படும், பகலிலயோ இரவிலயோ, ஆர் கழுவி வைக்கிறது, ஆருக்கு அதைத் தொட விடுறேல்ல. கடைசிக் கேள்வியை விட்டிடாதேங்கோ. மூக்குப்பேணியை எடுங்கோவன். வாய் வைக்காம அண்ணாந்து ஊத்திக் குடிக்கத்தான் அந்த மூக்கு, எச்சில் படாது, ஒரு பேணியிலயே வாற போற ஆக்கள் எல்லாரும் குடிக்கலாம். ஆனா எல்லாரும் எண்டது எல்லாருமோ? ஒடுக்கப்பட்ட சாதி எண்டு தள்ளி வைச்ச ஆக்களுக்கு அதே முத்தத்தில சிரட்டையிலயும் தகரப் பேணியிலயும் குடுத்த ஊர்தானே இது, 1960களில தேத்தண்ணிக் கடைக்குள்ள போய் எல்லாரோடயும் சமமா இருந்து குடிக்கிறதுக்கே போராட்டம் நடத்த வேண்டி வந்த ஊர். அப்ப ஒரு படத்தில மினுக்கின பித்தளை மூக்குப்பேணி திண்ணையிலயும், ஒரு சிரட்டை வேலிக்கரையிலயும் இருந்தா அது வடிவுக்காக வைச்ச ரெண்டு சாமான் எண்டு நான் நம்பமாட்டன். ரெண்டுக்கும் இடையில இருக்கிற தூரத்தை ஆள் கீறியிருக்கிறார். சிரட்டை அகப்பை செய்யவும் எரிக்கவும் உதவுற சாமான்தான், குசினிக்குள்ள கிடந்தா அதுக்கு இந்த அர்த்தம் இல்ல, வேலிக்கரைக்கு வந்தாத்தான் வருகுது.

எங்கட பழைய ஆக்களுக்கும் இந்த விளக்கம் இருந்திருக்கு. தொல்காப்பியத்தில உள்ளுறை எண்டு வருகுது, சொல்லாமச் சொல்லுற அர்த்தம், அதைக் கட்டுறதுக்கு அந்தந்த நிலத்தின்ர கருப்பொருளை எடு எண்டு சொல்லுது, மரம், பறவை, விலங்கு, தொழில் எண்டு, தெய்வத்தை மட்டும் விலக்கச் சொல்லுது. தெய்வத்தை ஏன் விலக்கினவை எண்டதுக்கு உரைகாரர் சொல்லுறது ஒரு பக்கம் இருக்கட்டும், என்ர யோசினை என்னெண்டா, தெய்வம் வந்த உடன எல்லாரும் கும்பிட்டுப்போட்டு யோசிக்கிறதை நிப்பாட்டிடுவினம். குத்துவிளக்குப் படங்களுக்கு நடக்கிறது அதுதான்.

குத்துவிளக்கு எண்ட உடன மங்கலம் எண்டு சொல்லாதேங்கோ. எத்தினை திரி எரியுது எண்டு எண்ணுங்கோ, எங்க நிக்குது எண்டு பாருங்கோ. செத்தவீட்டில தலைமாட்டில எரியிறதும் குத்துவிளக்குத்தானே. உரலும் உலக்கையும் அப்பிடித்தான், அரிசி இடிக்கிற, மிளகாய்த்தூள் இடிக்கிற சாமான், அதே உரலை செத்தவீட்டு முத்தத்துக்குக் கொண்டுவந்து வைச்சு திருவாசகத்தில வாற திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடிப்பினம். அப்ப உரலைக் கீறின படத்தில உரலுக்குள்ள என்ன கிடக்கு, சுத்திவர ஆர் நிக்கினம், அது குசினிப் பக்கமோ முன் முத்தமோ எண்டு பாக்காம ஒரு முடிவுக்கும் வரக்கூடாது. நிறைகுடம் எண்டா நிறைஞ்சிருக்கோ எண்டு பாருங்கோ, மாவிலை நிமிர்ந்திருக்கோ காஞ்சு சுருண்டிருக்கோ. கலியாணம் முடிஞ்ச அடுத்த நாள் நிறைகுடம் எண்டு ஒண்டைக் கீறினா அதில எவ்வளவு கதை சொல்லலாம், ஆனா எங்கட பெடியள் ஒருத்தரும் அதைக் கீறுறேல்ல, எல்லாம் கலியாண அட்டையில வாற மாதிரிப் புத்தம் புது நிறைகுடம்தான்.

இடமும் அப்பிடி. ஒரு பழைய சூட்கேஸ் கட்டிலுக்குக் கீழ தூசி பிடிச்சுக் கிடந்தா ஒரு கதை, அதே சூட்கேஸ் படலையடியில நிண்டா வேற கதை. காணி உறுதி, பிறப்பு அத்தாட்சி, ரெண்டு உடுப்பு எல்லாத்தையும் ஒரு பையுக்குள்ள போட்டு எந்த நேரமும் எடுத்துக்கொண்டு ஓடுற மாதிரிக் கதவடியில வைச்சிருந்த சனம் நாங்கள், 1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தில இடம்பெயர்ந்து வலிகாமத்தில இருந்து சாவகச்சேரிப் பக்கம் நடந்த ஆக்களுக்கு படலையடிச் சூட்கேஸைப் பாத்தா வயிறு பிசையும். கொழும்பில இருந்து வாற ஆளுக்கு அது லீவுக்கு வந்த சொந்தக்காரர்.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேணும். ஜாம் போத்தல் ஒண்டைக் கீறி அதுக்குள்ள ஒரு சின்ன வெளிச்சம். இப்பத்தப் பிள்ளையளிட்டக் காட்டினா ரெஸ்ரோரன்ட் அலங்காரம் எண்டு சொல்லுங்கள். 90களில பொருளாதாரத் தடை, கரண்ட் இல்ல, மண்ணெண்ணெய் நெருப்பு விலை, லாம்பு கொளுத்திக் கட்டுப்படியாகாது, அதால போத்தலுக்குள்ள பஞ்சு வைச்சு துளி எண்ணெய் விட்டு மெல்லிய திரி போட்டு அந்த வெளிச்சத்தில சோதினைக்குப் படிச்ச ஆக்களுக்கு அது வேற சாமான். சைக்கிளைக் கவிட்டு வைச்சுக் கீறியிருந்தாலும் அப்பிடித்தான், காத்துப் போச்சு எண்டு நினைக்கலாம், அந்தக் காலத்து ஆக்கள் பெடலைச் சுத்தி டைனமோவில றேடியோ கேட்ட ஞாபகத்துக்குப் போவினம். படத்தில டைனமோவில இருந்து வயர் ஒண்டு போகுதோ எண்டு தேடுங்கோ. வயர் இருந்தா றேடியோ, பக்கத்தில தண்ணிச் சட்டி இருந்தா ஒட்டுப் போடுறார், விசயம் முடிஞ்சுது. எப்பக் கீறினது, ஆர் கீறினது, அவைக்கு என்ன வயசு எண்டது தெரியாம இந்த மாதிரிப் படங்களில கை வைக்காதேங்கோ.

வெளிநாட்டுப் படங்களுக்கு வருவம், ஏன் எண்டா குறியீடு எண்டு படிப்பிக்கிற புத்தகங்கள் கனக்க அங்கத்தையதுகள். 17ம் நூற்றாண்டு ஒல்லாந்து ஓவியங்களில மண்டையோடு, நூந்த மெழுகுதிரி, மணல் கடிகாரம், அரைவாசி தோல் உரிச்ச எலுமிச்சம்பழம் எல்லாம் வரும், வாழ்க்கை நிலையில்லாதது எண்டு சொல்லுறதுக்கு அவை பாவிச்ச சாமான்கள். அந்தப் பழம் பாக்க வடிவு, வாயில வைச்சா புளி எண்டு விளக்கம் சொல்லுவினம். சரி, அது அங்க. எங்கட ஊரில தேசிக்காய் எண்டா கண்ணூறு, புது வாகனத்தின்ர சில்லுக்குக் கீழ, வெட்டிக் குங்குமம் பூசி வாசலில. யாழ்ப்பாணத்துப் பெடியன் கீறின தேசிக்காயில போய் ஒல்லாந்து அர்த்தத்தை ஒட்டினா நல்லாவோ இருக்கும்? ஒட்டுறவை இருக்கினம், நான் கண்டிருக்கிறன்.

ஆனா அங்கத்தப் படங்களில இருந்து பாக்கிற விதத்தைப் படிக்கலாம். வின்சன்ட் வான் கோ 1888ல ஆர்ல் எண்ட ஊரில ரெண்டு கதிரை கீறினவர். ஒண்டு தன்ரது, வைக்கோல் பின்னின சாதாரணக் கதிரை, மேல அவற்ற சுங்கானும் புகையிலையும், பின்னால வெங்காயப் பெட்டியில அவற்ற பேர், பகல் வெளிச்சம். மற்றது தன்னோட வந்து தங்கியிருந்த ஓவியர் கோகானுக்கு, கைபிடி வைச்ச கதிரை, இருக்கையில எரியிற மெழுகுதிரியும் ரெண்டு புத்தகமும், இரவு. ஆள் இல்லாம ஆளைக் கீறினது. இதை நாங்கள் சும்மா ஊகிக்கேல்ல, கோகானின்ர வெறுமையான இடத்தைக் கீறப் பாத்தனான் எண்டு வான் கோவே பிறகு ஒரு கடிதத்தில எழுதியிருக்கிறார். ஆங்கில எழுத்தாளர் டிக்கன்ஸ் செத்த 1870ல லூக் ஃபைல்ட்ஸ் எண்டவர் அந்த எழுத்தாளற்ற வெறும் கதிரையைக் கீறின படமும் வான் கோவுக்குத் தெரியும். அப்ப வெறும் கதிரைக்கு அந்த அர்த்தத்தைக் குடுக்கிறதுக்கு எங்களுக்குச் சாட்சி இருக்கு. எங்கட வீடுகளில அப்பப்பாவின்ர சாய்மனைக் கதிரைக்கும் இதே விதம் பொருந்தும், ஆனா மேல என்ன வைச்சுக் கீறியிருக்கு எண்டு பாக்க வேணும். மடிச்ச பேப்பரும் மூக்குக்கண்ணாடியும் இருந்தா ஒரு மாதிரி. காயப்போட்ட உடுப்பு குமிஞ்சு கிடந்தா இன்னொரு மாதிரி, அதில இப்ப ஒருத்தரும் இருக்கிறேல்ல, கதிரை சாமான் வைக்கிற இடமாப் போச்சு. ரெண்டாவதுதான் எனக்கு நெஞ்சில குத்தும்.

சாட்சி இல்லாமக் கதைச்சா என்ன நடக்கும் எண்டதுக்கும் வான் கோதான் உதாரணம். அவர் கீறின பழைய சப்பாத்துப் படம் ஒண்டைப் பற்றி ஹைடகர் எண்ட ஜேர்மன் தத்துவவாதி 1930களில பெரிசா எழுதினவர், வயலில வேலை செய்யிற குடியானவப் பொம்பிளையின்ர சப்பாத்து, மண்ணின்ர ஈரம், உழைப்பின்ர களைப்பு எண்டு உருகி உருகி. 1968ல மேயர் ஷப்பிரோ எண்ட கலை வரலாற்று ஆய்வாளர் வந்து, ஐயா அது வான் கோ தான் போட்ட சப்பாத்து, நகரத்தில இருக்கேக்க கீறினது எண்டு வாதாடினார். ஹைடகர் எழுதினது வடிவான எழுத்துத்தான், அதில சந்தேகமில்ல. சப்பாத்து ஆற்றது எண்டு கேக்காம எழுதினது, அதுதான் பிழை.

இதோட சேர்த்து ஒண்டு, சின்னப்பிள்ளையளின்ர படத்தைப் பாத்து மனசை வாசிக்கிறன் எண்டு வெளிக்கிடாதேங்கோ. வீடு, மரம், ஆள் கீறச் சொல்லி உளவியல் சோதினை ஒண்டு 1948ல ஜோன் பக் எண்டவர் கொண்டுவந்தது, அதை அரைகுறையா எங்கயோ பாத்திட்டு, வீட்டுக்குக் கதவு கீறேல்ல அதால பிள்ளைக்குப் பிரச்சினை எண்டு சொல்லுற ஆக்கள் இருக்கினம். இந்த மாதிரிக் கணிப்புகளை எவ்வளவு நம்பலாம் எண்டு உளவியல் ஆக்களுக்குள்ளயே பெரிய சண்டை. எங்கட பிள்ளையளைப் பாருங்கோ, படம் கீறு எண்டா ரெண்டு மலை, நடுவில சூரியன், மலையில இருந்து ஒரு ஆறு, ஆத்தங்கரையில ஓட்டு வீடு. யாழ்ப்பாணத்தில மலை எங்க இருக்கு? கீரிமலையில கூட மலை இல்ல. வருசம் முழுக்க ஓடுற ஆறும் இல்ல. அது பிள்ளையின்ர ஆழ்மனசு இல்ல, பக்கத்து வாங்குப் பிள்ளையைப் பாத்துக் கீறினது. பழக்கத்தில வாற கோட்டையும் யோசிச்சுப் போட்ட கோட்டையும் பிரிச்சுப் பாக்கிறதுக்கு ஒரே ஆள் கீறின நாலைஞ்சு படம் பாக்க வேணும், ஒரு படத்தில மட்டும் மாறி வாறது எது எண்டு தேட வேணும்.

இல்லாததையும் பாருங்கோ எண்டு சொல்ல மறந்திடக்கூடாது. இது சாமான் படத்துக்கு மட்டுமில்ல, வீட்டுப் படத்துக்கும் பொருந்தும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில படிப்பிக்கிற ஓவியர் தா. சனாதனன் 2011ல வெளியிட்ட ஒரு ஓவியப் புத்தகம் இருக்கு, இடம்பெயர்ந்த ஆக்கள் தாங்கள் விட்டிட்டு வந்த வீட்டை ஞாபகத்தில கீறின தளப்படங்கள் அதில கிடக்கு. அந்த மாதிரிப் படங்களைப் பாக்கேக்க அறை சரியான அளவிலயோ எண்டு பாத்து வேலையில்ல. எதைப் பெரிசாக் கீறியிருக்கினம், எதை விட்டிட்டினம், கிணறு எந்தப் பக்கம், மாமரம் வீட்டை விடப் பெரிசோ எண்டு பாருங்கோ. ஸ்கேல் வைச்சுக் கீறின பிளானில கிணறு ஒரு சின்ன வட்டம்தான், ஞாபகத்தில கீறினா அது காணியில அரைவாசியைப் பிடிச்சிருக்கும். அங்க ஆர் குளிச்சது, ஆர் தண்ணி அள்ளினது எண்டு கேட்டாக் கதை வரும்.

ஒரு அர்த்தம் பிடிச்சிட்டம் எண்டு நினைச்ச உடன மூண்டு விதமாத் தட்டிப் பாக்கலாம். ஒண்டு, அந்தச் சாமானை எடுத்துப்போட்டு வேற ஒண்டை வையுங்கோ, திருவலைக்குப் பதிலா அம்மி. உங்கட விளக்கம் அப்பவும் அப்பிடியே நிண்டா அது இந்தப் படத்துக்கான விளக்கமே இல்ல, எந்தப் படத்துக்கும் சொல்லலாம். ரெண்டு, "ஏன் எண்டா" எண்டு போட்டு வசனத்தை முடிச்சுப் பாருங்கோ, அந்த ஏன் எண்டாவுக்குப் பிறகு வாறது படத்தில விரல் வைச்சுக் காட்டக்கூடிய ஒண்டா இருக்க வேணும், ஏலாட்டி வெட்டி விடுங்கோ. மூண்டு, சாமானைப் பாவிக்கிற ஆளிட்டக் காட்டுங்கோ, குறியீடு அது இது எண்டு ஒண்டும் சொல்லாதேங்கோ, "அம்மம்மா, இந்தப் படத்தில என்ன பிழை?" எண்டு மட்டும் கேளுங்கோ. "இந்தத் திருவலை இப்பிடிச் சரிஞ்சு நிண்டா ஆள் விழுந்திடுமெல்லோ மோனை", "இதென்ன, பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியைக் கவிட்டு வைச்சிருக்கு, காயப்போட்டதோ?" எண்டு சொல்லுவா. அவ பிழை எண்டு சொல்லுற இடம் எல்லாம் நீங்கள் தோண்ட வேண்டிய இடம். சிலது கீறின ஆளுக்குக் கை பிசகினது, சிலது வேணுமெண்டு செய்தது.

எது எது எண்டு அறிய கீறின ஆள் கிட்ட இருந்தா அவரிட்டயே போய்க் கேளுங்கோ, ஆனா உங்கட கொப்பியை எழுதி முடிச்சுப்போட்டுத்தான். முதலே கேட்டா அவர் சொல்லுறதைத் தவிர வேற ஒண்டும் பிறகு உங்கட கண்ணுக்குத் தெரியாது. கேக்கேக்கயும் "இதுக்கு என்ன அர்த்தம்?" எண்டு கேக்காதேங்கோ, கீறுற ஆக்கள் கனபேருக்கு அந்தக் கேள்வி பிடிக்காது, ஒண்டு மழுப்புவினம் இல்லாட்டி கண்காட்சி அட்டையில எழுதின வசனத்தைத் திருப்பிச் சொல்லுவினம். "தட்டை ஏன் வெறுமையா விட்டனீங்கள்?" எண்டு கேளுங்கோ.